தகிட தகதிமியும் கிடாரும்: ஓர் ஊரின் ராக் இசையைத் தொகுப்பது என்றால் என்ன?

வலது கையைத் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நான்கும் ஏழு. கச்சேரியில் இதை மிஸ்ர சாபு என்பார்கள். பெயர் தெரியாதவர்களுக்கும் இந்த நடை காதுக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். இந்த ஏழை இடறாமல் இரண்டு நிமிடம் தட்ட முடிந்தால், புரோகிரஸிவ் ராக் என்ற பெயரைக் கேட்டு நீங்கள் மிரள வேண்டியதே இல்லை.

நான் வளர்ந்தது பெங்களூர் காக்ஸ் டவுனில். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அண்ணன் ஒருவர் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசித்தார். பகலில் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் ஆனதும் பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்த ஒரு கார் ஷெட்டில் ஒத்திகை. ஊரை விட்டுப் போகும்போது ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே 14 கேசட்டுகள். அத்தனையும் இந்த ஊர்ப் பேண்டுகளின் ஒத்திகைகளும் மேடைப் பதிவுகளும். அந்த டின்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்ததில்தான் தொகுப்பு ஆல்பம் என்பது என்ன, அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் புரோகிரஸிவ் ராக். வாசிப்பவர்கள் சுருக்கமாகப் புராக் என்பார்கள். வழக்கமான ராக் பாட்டு மூன்று நான்கு நிமிடம் ஓடும். நான்கு நான்காக எண்ணலாம். ஒரு சரணம், ஒரு பல்லவி, மறுபடி சரணம், மறுபடி பல்லவி, நடுவில் கொஞ்சம் கிடார், அவ்வளவுதான். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு இந்தக் கட்டம் போதவில்லை. மேற்கத்திய செவ்விசை, ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ராக்குக்குள் கொண்டுவந்தார்கள். 1969 அக்டோபரில் கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அந்த இசையின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் காட்டுவது அதைத்தான். 1972இல் ஜெத்ரோ டல் குழு ஒரே பாட்டை இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் நீட்டியது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும் என்பதால், தட்டைத் திருப்பிப் போட்டால்தான் பாட்டின் மறுபாதி.

இது நமக்கு ஒன்றும் விநோதம் இல்லை. ராகம் தானம் பல்லவியில் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வித்வான் முக்கால் மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறார். முதலில் தாளமே இல்லாமல் ராகத்தை விரிக்கிறார், பிறகு தானத்தில் ஓர் ஓட்டம், பிறகு பல்லவி. அதே வரி மெதுவாக, வேகமாக, மூன்று மூன்றாக, அப்புறம் தனி ஆவர்த்தனம். புராக் பாட்டின் உடம்பும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். தொடக்கத்தில் கேட்ட ஒரு சின்ன மெட்டுத் துணுக்கு பத்து நிமிடம் கழித்து வேறு வேகத்தில், வேறு வாத்தியத்தில் திரும்பி வரும். அதை அடையாளம் கண்டுகொள்ளும் சந்தோஷம்தான் இந்த இசையின் பாதி ருசி.

மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்ட் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆல்பத்தில் காசு கலகலக்கும் சத்தத்தோடு தொடங்கும் 'மணி' என்ற பாட்டு இருக்கிறது. அதைப் போட்டு எண்ணிப் பாருங்கள். ஏழில்தான் ஓடும். கிடார் தனியாக எழும் இடத்தில் மட்டும் நான்குக்கு மாறி, பிறகு ஏழுக்கே திரும்பும். நான்கிலேயே பழகியவர்களுக்கு இதில் தடுமாற்றம் வரும். திருவையாற்றுக் கச்சேரியை ரேடியோவில் கேட்டு வளர்ந்த என் அம்மா, பாட்டு பிடிக்காவிட்டாலும், கணக்கை முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார்.

எக்ஸ்பெரிமென்டல் ராக் இதற்குப் பக்கத்து வீடு. ஆனால் குணம் வேறு. புராக் நிறையச் சேர்க்கும், அடுக்கும், கட்டும். எக்ஸ்பெரிமென்டல் ராக் பல சமயம் கழிக்கும். மெட்டு வேண்டுமா? பாட்டு எங்காவது போய்ச் சேர வேண்டுமா? கிடாரை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தால் வரும் ஊளைச் சத்தத்தையே இசையாக வைத்துக்கொண்டால் என்ன? ஜெர்மனியில் கொலோன் நகரத்தின் கேன் குழு ஒரே தாளக்கட்டைக் கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓட்டி, மணிக்கணக்கில் பதிவு செய்த நாடாக்களை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கியது. இரண்டையும் கறாராகப் பிரிக்க நான் மெனக்கெடுவதில்லை. ஒரே ஊரில் இரண்டு வகைக்காரர்களும் ஒரே ஷெட்டில்தான் ஒத்திகை பார்ப்பார்கள்.

ஷெட் என்றதும் அடுத்த சொல்லுக்கு வந்துவிட்டோம்: சீன். நாம் 'சீன் போடுவது' என்று சொல்வோமே, அது இல்லை. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் போய்க் கேட்டு, கருவி கடன் கொடுத்து, டிரம்மரைப் பங்கு போட்டுக்கொண்டு வாழும் கூட்டத்தைத்தான் இசைக்காரர்கள் சீன் என்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரையொருவர் கேட்டிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இங்கிலாந்தின் கான்டர்பரி சின்ன ஊர், பேராலயத்துக்குப் பேர் போனது. அங்கே 1964இல் வைல்ட் ஃபிளவர்ஸ் என்று ஒரு பேண்ட் தொடங்கியது. அது பெரிதாகப் பேர் வாங்கவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் பிரிந்து போய்த்தான் சாஃப்ட் மெஷின், கேரவன் என்ற இரண்டு முக்கியமான குழுக்கள் பிறந்தன. புராக் ரசிகர்கள் இன்றைக்கும் 'கான்டர்பரி சீன்' என்று ஊர் பேரைச் சொல்லித்தான் அந்த இசையைக் குறிக்கிறார்கள்.

சரி, இப்போது தொகுப்பு. கடையில் விற்கும் 'சிறந்த 20 பாடல்கள்' ஒரு தொகுப்புதான், ஆனால் நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. அதில் ஏற்கெனவே வெற்றி பெற்றவை மட்டும் இருக்கும். ஒரு சீனைத் தொகுப்பவர் தேடுவது ஒருவருக்கொருவர் உள்ள தொடர்பை. இந்த டிரம்மர் அந்தப் பேண்டிலும் இருந்தார், அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் இவர்கள் இதைச் செய்தார்கள் என்று கேட்பவர் காதாலேயே உணர வேண்டும். ஒரு பாட்டு தனியாகக் கேட்டால் சுமாராக இருக்கும். மற்ற பத்தோடு வைத்தால் அதன் இடம் விளங்கும். அதனால்தான் ஒரு சுமாரான பாட்டையும் நல்ல தொகுப்பாளர் விடமாட்டார்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1972இல் அமெரிக்காவில் லென்னி கே என்பவர், 1965 முதல் 1968 வரை வந்து மறந்துபோன 27 ராக் பாட்டுகளைச் சேர்த்து 'நகட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். நான்கைந்து வருடத்துக்குள்ளேயே மறந்துபோனவை அவை! அந்தத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிறகு நிறையப் பேண்டுகள் தொடங்கினார்கள். 1978இல் வந்த 'நோ நியூ யார்க்' இன்னும் நமக்கு நெருக்கமான உதாரணம். பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞர், நியூ யார்க்கில் ஒரு கலைக்கூடத்தில் பல குழுக்கள் வாசித்ததைப் பார்த்துவிட்டு நான்கைத் தேர்ந்தெடுத்தார். குழுவுக்கு நான்கு, மொத்தம் 16 பாட்டு. அந்த நால்வரும்தான் அந்த இசையின் அடையாளம் என்று உலகம் எடுத்துக்கொண்டது. அதே மேடையில் வாசித்த மற்றவர்கள் விடுபட்டுப் போனார்கள். தொகுப்பவர் கையில் இவ்வளவு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பொறுப்பை நினைத்தால் பிஸ்கட் டின்னைத் திறக்கவே எனக்குக் கொஞ்சம் கை கூசும்.

இந்தியாவில் இதற்கு மூத்த உதாரணம் பம்பாயிலிருந்து வந்தது. சிம்லா என்ற சிகரெட்டை விளம்பரப்படுத்த அதன் நிறுவனம் 'சிம்லா பீட்' என்ற ராக் போட்டியை நடத்தியது. 1970, 1971 போட்டிகளின் பேண்டுகள் இரண்டு இசைத்தட்டுகளில் பதிவாகியிருக்கின்றன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், நம் மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் எல்லாம் அவற்றில் இருக்கிறார்கள். சில பாட்டுகள் இரவல், சில சொந்தம். பல வருடம் கழித்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைந்தார்கள், மறுபதிப்பும் வந்தது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான், ஆனாலும் அந்த இரண்டு தட்டுகள் இல்லாவிட்டால் அந்தத் தலைமுறை வாசித்ததில் பாதிக்குச் சாட்சியே இருந்திருக்காது.

இனி பெங்களூர். இந்த ஊரில் இப்படி ஒரு இசை ஏன் முளைத்தது? 1809இல் ஆங்கிலேயர்கள் கன்டோன்மென்ட் அமைத்ததும் அதோடு நம்மவர்கள் பெருந்திரளாக வந்தார்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ் பேச்சு இன்றைக்கும் தெருவில் சாதாரணம். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் அல்சூர் ஏரிக்கரையில்தான். படையோடு பேண்டு வாத்தியம் வந்தது, தேவாலயங்களோடு பியானோவும் பாடகர் குழுவும் வந்தன. ஆங்கிலோ இந்தியர்களின் நடன இசையும் அதே தெருக்களில். இன்னொரு பக்கம் மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் ராம நவமிக்குப் பந்தல் போட்டு நாள்கணக்கில் கச்சேரி. ஒரே ஊரின் இரண்டு காதுகள் என்றுதான் இதை நினைக்கத் தோன்றுகிறது. ரொம்ப நாள் இரண்டும் ஒன்றையொன்று கேட்காமலே இருந்தன. கேட்கத் தொடங்கிய இடம்தான் என் கதைக்கு முக்கியம்.

அந்த இடத்தில் எனக்குப் பெரியதாகத் தெரிபவர் ரமேஷ் ஷோத்தம். மெட்ராஸில் பிறந்தவர். தானாகக் கற்றுக்கொண்டு ராக் டிரம்ஸ் வாசித்தவர். 1970களில் தன் சகோதரர் சுரேஷோடு சேர்ந்து 'ஹியூமன் பாண்டேஜ்' என்ற பேண்டை நடத்தினார். பெங்களூரில் அந்தக் காலத்து ராக் பற்றி யார் வாயைக் கிளறினாலும் இந்தப் பேர் வரும். அதன் பிறகு அவர் செய்ததுதான் ஆச்சரியம். பேர் வாங்கிய ராக் டிரம்மர், பெங்களூரின் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரிக்குப் போய் மாணவராக உட்கார்ந்து தவில் கற்றார். தவில்! கோயில் வாசலில் நாகஸ்வரத்தோடு கேட்ட அதே தவில். பிறகு ஜெர்மனியில் குடியேறி, ஐரோப்பிய ஜாஸ்காரர்களோடு அதை வாசித்தார்.

அந்தக் கல்லூரி 1964இல் மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி தொடங்கியது. அவர் மனைவி ஆர்.ஏ. ரமாமணி அதன் பாடகர். ஜெர்மனியின் எம்பிரியோ என்ற எக்ஸ்பெரிமென்டல் ராக் குழு 1970களின் கடைசியில் பஸ்ஸிலேயே தரை வழியாக இந்தியா வந்தது. அவர்களும் இந்தக் கல்லூரிக்காரர்களும் சேர்ந்து வாசித்தது 1980இல் ஆல்பமாக வந்தது. 1983இல் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ இவர்களோடு செய்த 'ஜோதி' என்ற ஆல்பத்தை ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. ராக் உலகத்துக்கும், தகிட தகதிமி மாதிரியான தாளச் சொற்களின், அதாவது சொல்கட்டின், உலகத்துக்கும் நடுவே இந்த ஊர் போட்ட பாலம் அது. பெங்களூர் எக்ஸ்பெரிமென்டல் இசையை யார் தொகுத்தாலும் முதல் பாட்டு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மின்கிடார் இருந்தால்தான் ராக் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

அடுத்த தலைமுறையைக் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அவர்கள் பாட்டு எளிதில் கிடைக்கிறது. 1996இல் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் என்ற பேண்ட் தன் இசையைப் 'பெங்களூர் ராக்' என்றே சொல்லிக்கொள்ளும். 2012இல் ஆட்டோ ரிக்‌ஷாவை வைத்து மூன்று வட்டு ஆல்பமே போட்டார்கள். லவுஞ்ச் பிரானா 2008இல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. பாட்டு வரிகளைவிடக் கிடார்கள் மெதுவாகப் பெருகிப் பெருகி வந்து மோதுவதுதான் அவர்களிடம் முக்கியம். அகம் குழு 2012இல் தன் முதல் ஆல்பத்தில் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவைக் கிடாரோடும் டிரம்ஸோடும் வைத்தது. பைனாப்பிள் எக்ஸ்பிரஸ், புராஜெக்ட் மிஸ்ரம் என்று இப்போது வருகிறவர்களோ வயலின், புல்லாங்குழல், தாளச் சொற்களை வாயாலேயே சொல்லும் கொன்னக்கோல் எல்லாவற்றையும் கனத்த மெட்டல் கிடாருக்கு மேல் வைக்கிறார்கள். மிஸ்ரம் என்றால் கலப்பு என்றும் பொருள், தாளக் கணக்கில் ஏழு என்றும் பொருள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மணி சாரின் கல்லூரிதான் நினைவுக்கு வந்தது.

வெளியே தெரிந்த பெங்களூர் வேறு. பேலஸ் கிரவுண்ட்ஸில் 2002இல் ரோஜர் வாட்டர்ஸ், 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிக்கா என்று வெளிநாட்டு ராக் பிரபலங்கள் வந்து வாசித்தார்கள். ஊரே திரண்டது. அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் எத்தனையோ பேர் சனிக்கிழமை சாயங்காலம் முப்பது பேர் முன்னால் சொந்தப் பாட்டை வாசித்தவர்கள். தொகுப்பு அந்த முப்பது பேர் அறையைப் பற்றியது.

ஒரு தொகுப்பை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டைத் தேர்ந்தெடுப்பது இதில் ஆகச் சுலபமான வேலை. முதலில் மூலப் பதிவைத் தேட வேண்டும். 1970, 80களின் ஸ்டுடியோ நாடாக்கள் சிலவற்றில் ஒட்டுப்பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் ஒலி தாங்கிய பூச்சே உரிந்து வந்துவிடும். அதனால் பழகியவர்கள் அதற்கென்று உள்ள பெட்டியில் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, உடனே கணினியில் ஏற்றிவிடுவார்கள். வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். என் டின்னில் இருந்தவை சாதாரணக் கேசட்டுகள், அவற்றின் எதிரி பூஞ்சை. பெங்களூர் மழைக்காலத்தைப் பல வருடம் தாங்கியதில், 14இல் ஏழு மட்டுமே ஒழுங்காக ஓடுகின்றன. 2000க்குப் பிறகு வந்த பாட்டுகளுக்கு வேறு வியாதி. கெட்டுப்போன ஹார்டு டிஸ்க், மறந்துபோன பாஸ்வேர்டு.

அடுத்தது உரிமை. ஒரு பதிவுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. பாட்டை எழுதி மெட்டுப் போட்டவரின் உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் பாதுகாப்பு. 1971இல் வந்த இசைத்தட்டு என்றால் 2031 முடியும்வரை. பேண்டு கலைந்திருக்கும், ஆளுக்கொரு நாட்டில் இருப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமலும் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கி, வரும் பணத்தில் பங்கு எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாத பாட்டுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. யாருக்கும் தெரியாமல் போனவர்களுக்கு இரண்டாவது தடவையும் ஒன்றும் கிடைக்காமல் போவது அநியாயம்.

பிறகுதான் மாஸ்டரிங். 1974இன் ஒற்றை மைக் பதிவும் 2021இன் ஸ்டுடியோ பதிவும் அடுத்தடுத்து வந்தால் ஒன்று கிசுகிசுக்கும், இன்னொன்று கத்தும். கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்காதபடி சமன் செய்ய வேண்டும். ஆனால் பழையதைப் புதியது மாதிரி பளபளப்பாக்கக் கூடாது. இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்தால் டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டின் மினுக்கமும் கூடவே போய்விடும். பாட்டுகளின் வரிசை தனிக் கலை. காலவரிசைப்படி அடுக்கினால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். நானாக இருந்தால் ரமாமணியின் குரல் முடியும் இடத்தில் 2021இன் கிடாரைத் தொடங்குவேன். கடைசியாகக் குறிப்புகள்: யார் வாசித்தார்கள், எந்த அறையில், யாருடைய ஆம்ப்ளிஃபயர். நம்மில் பலர் இதைப் படிக்காமல் பாட்டுக்குப் போய்விடுகிறோம். தயவுசெய்து படியுங்கள், அங்கேதான் சீன் இருக்கிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். முதல் தடவை வரிகளைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். தாளம் எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்து வந்தால் தக தகிட, ஏழு வந்தால் தகிட தகதிமி. கணக்கு மாறும் இடத்தில் கை தானாக நின்றுவிடும், அங்கே கவனியுங்கள், பாட்டில் ஏதோ ஒன்று நடக்கப் போகிறது. ஒரே மூச்சில் முழுத் தொகுப்பையும் கேட்க வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று பாட்டு போதும்.

ஓடும் ஏழு கேசட்டுகளையும் நான் கணினியில் ஏற்றிவிட்டேன். நண்பர்களுக்குள் கேட்க ஒரு சின்னத் தொகுப்பு, ஒன்பது பாட்டு. மாடி வீட்டு அண்ணன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். மூன்றாவது கேசட்டில் பாட்டு தொடங்குவதற்கு முன் பதினைந்து விநாடி வெறும் பேச்சு. யாரோ டீ வந்ததா என்று கேட்கிறார், நாற்காலி இழுபடுகிறது, அப்புறம் இவர் குரல், குச்சியைக் குச்சியில் தட்டியபடி: தகிட தகதிமி, தகிட தகதிமி. மற்றவர்கள் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்த அறையில் இவர் மட்டும் இப்படித்தான் எண்ணிக்கொடுப்பாராம். "அதை வெட்டிடுப்பா, பாட்டு மட்டும் போதும்" என்றார். நான் வெட்டவில்லை.